பழமை மருந்தாகுமா?

ஆட்டுப் பித்து! சீனத்துச் சிற்றூர்களிலே வலிப்பு நோய்க்கு மக்கள் இட்டு வழங்கிய பெயர் இது. புல்லைத் தின்று, புழுக்கையிட்டு, மனிதனுக்குத் தன் தோலையும் தசையையும் தந்து மடியும் ஆடு, அந்த நோய்க்கு எப்படிப் பொறுப்பாயிற்று? ஆடும் அறியாது, பெயரிட்டவரும் அறியார்! மலாய் மக்கள் அதே நோயைப் பன்றிப் பைத்தியம் என்றனர். நம் நாட்டிலே, கால் கை வலிப்பு என்ற சொல் நாவிலே தேய்ந்து தேய்ந்து காக்காய் வலிப்பு ஆயிற்று என்பர். சீனர் ஆட்டைப் பிடித்தனர். மலாயர் பன்றியைப் பிடித்தனர். தமிழர் காக்கையைப் பிடித்தனர். மனித மூளையிலே நேரும் ஒரு கோளாறுக்கு, மூளையைத் தவிர மற்ற எல்லாம் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றப்பட்டன!

பெயரோடு நின்றிருந்தால், பேதைமை என்று நகைத்துவிட்டுப் போகலாம். பெயரைத் தொடர்ந்து வருகிறது மருந்து. மருந்தைத் தொடர்ந்து வருகிறது வாணிபம். வாணிபத்துக்குக் காவலாக வந்து நிற்கிறது, பழமை என்னும் பட்டயம். மூவாயிரம் ஆண்டு மருத்துவம், முன்னோர் கண்ட முறை, பரம்பரை இரகசியம் என்ற முழக்கங்கள் முழங்கும் இடத்திலே, பிள்ளையைத் தோளிலே சுமந்து வந்து நிற்கும் ஏழைத் தாய் என்ன செய்வாள்? வணங்குவாள், வாங்குவாள், வீடு திரும்புவாள். அந்தத் தாயின் பொருட்டே இக்கட்டுரை.

முதலில், நோய் எது என்று தெளிவோம். மூளையிலே உள்ள எண்ணற்ற நரம்பணுக்கள், நுண்ணிய மின் துடிப்புகளாலே ஒன்றோடொன்று பேசுகின்றன. ஒழுங்கான உரையாடல் அது. ஒரு நொடியிலே அந்த ஒழுங்கு குலைந்து, ஓரிடத்து அணுக்களோ, மூளை முழுவதுமோ ஒரே சமயத்திலே கூச்சலிட்டால், அதுவே வலிப்பு. வீழ்கிறான் மனிதன், கையும் காலும் வெட்டி இழுக்கின்றன, வாயிலே நுரை. சிலருக்கு வீழ்ச்சியும் இல்லை, வெட்டலும் இல்லை; சில நொடி வெறித்த பார்வை மட்டுமே. பிறப்பின்போது மூளைக்கு நேர்ந்த ஊறு, தலையிலே பட்ட அடி, மூளைக் காய்ச்சல், நாடாப்புழுவின் முட்டை, கட்டி, பெற்றோர் வழி வந்த கூறு எனக் காரணங்கள் பல. காரணம் புலப்படாத நோயாளரும் உண்டு. உலகிலே ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களிலே ஐந்தில் நான்கு பங்கினர், வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளின் மக்கள். முறையாக நோயறிந்து முறையாக மருந்து தந்தால், நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் அந்நிறுவனமே கூறுகிறது. நூற்றுக்கு எழுபது! இந்த எண்ணை மனத்திலே இருத்திக்கொள்ளுங்கள், தோழர்களே! இந்த எழுபது பேரைத்தான் பழமை வாணிபம் வழிமறித்துக்கொண்டு நிற்கிறது.

சீனத்துப் பழைய ஏடுகள் இந்நோயைப் பற்றி என்ன கூறுகின்றன? ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது ‘மஞ்சள் பேரரசரின் உள்ளக நூல்’. பிறவியிலேயே வலிப்பு வருவானேன் என்று அதிலே கேள்வி எழுகிறது. கருவிலே குழந்தை இருக்கையில் தாய் பெரிதும் அஞ்சினாள். ஆகவே நோய் என்று விடை வருகிறது. பழி விழுவது யார் மீது? தாய் மீது! எந்த நாட்டுப் பழைய ஏட்டைப் புரட்டினாலும், பழியைச் சுமக்க ஒரு பெண் ஆயத்தமாக நிற்பதைக் காணலாம். ஏழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த சுன் சிமியாவ் என்னும் பெரு மருத்துவர், வலிப்பை விலங்குகளின் பெயராலே வகுத்தார். குதிரை வலிப்பு, மாட்டு வலிப்பு, ஆட்டு வலிப்பு, பன்றி வலிப்பு, நாய் வலிப்பு, கோழி வலிப்பு என ஆறு. நோயாளியின் ஒலியும் தோற்றமும் எந்த விலங்கை ஒத்திருந்தனவோ, அந்த விலங்கின் பெயர்! பின்வந்தோர், கல்லீரலிலே காற்றுக் கிளம்புகிறது, சளி மேலே ஏறுகிறது, இதயத்தின் வாயில்களை அடைக்கிறது, அறிவு மயங்குகிறது என்று விளக்கம் சமைத்தனர்.

விளக்கத்துக்கு ஏற்ற மருந்தும் வேண்டுமன்றோ? 1732 இல் செங் குவோபெங் என்பார் எழுதிய நூலிலே உள்ளது ‘திங்சியன்’ மாத்திரை. வலிப்பை நிறுத்துவது என்பது பெயரின் பொருள். சேர்க்கை என்னென்ன? வேர்களும் கிழங்குகளும் பல. அவற்றோடு தேள். வெண்பூஞ்சை பற்றிச் செத்து விறைத்த பட்டுப்புழு. மண்ணுள் புதைந்து கல்லாய் இறுகிய மரப்பிசின். இத்தனைக்கும் மேலாகச் செந்நிறத் தாது ஒன்று. நம் நாட்டு மருந்துக் கடைகளிலே ஜாதிலிங்கம் என்று விற்கப்படும் பொருள்தான் அது. பாதரசமும் கந்தகமும் கூடியது. வலிப்புக்கென வேறு மருந்துகளிலே மாட்டின் பித்தப்பைக் கல்லும் சேர்ந்தது. நம்மவர் கோரோசனை என்பது அதைத்தான். காண்டாமிருகக் கொம்பும் சேர்ந்தது. அந்த விலங்கினமே அழியும் நிலை வந்த பிறகு, 1993 இல்தான் சீன அரசு அக்கொம்பின் வாணிபத்தைத் தடுத்து, மருந்துப் பட்டியலிலிருந்தும் அதை நீக்கியது.

இதைக் கூறி நகைப்பதற்காக எழுதவில்லை. சுன் சிமியாவின் காலத்திலே வேறெவர் சரியாகச் சொன்னார்? கிரேக்க நாட்டிலே, ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன், ஹிப்போகிரட்டீசு மரபினர், இது தெய்வ நோயன்று, மூளையின் நோய் என்று எழுதிவைத்தனர். எழுதி என்ன? அதன் பிறகும் உரோமாபுரியிலே, களத்திலே வெட்டுண்டு வீழ்ந்த மறவனின் குருதியை வலிப்பு நோயாளிகள் சூடாகப் பருகினர் என்று பிளினி குறித்திருக்கிறார். அறியாமைக்கு இனமில்லை, நிறமில்லை. அன்றைய மருத்துவர்கள் அன்றைய விளக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டிலே நடந்தனர். அவர்களைக் குற்றம் கூறோம். பகல் விடிந்த பிறகும், அந்த விளக்கைக் காட்டி, ஞாயிறு இதுவே என்று விலை பேசுகிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறோம்!

பகல் எப்படி விடிந்தது? 1857 இல் இலண்டன் மருத்துவர் சார்லசு லோக்காக், புரோமைடு உப்பை வலிப்புக்குப் பயன்படுத்தியதாக அறிவித்தார். அவர் கொண்ட காரணம் தவறு. காம உணர்ச்சி மிகுவதாலே வலிப்பு வருகிறதென்பது அந்நாளைய எண்ணம். ஆனால் மருந்து ஓரளவு வேலை செய்தது. அறிவியல் என்ன செய்தது? காரணத்தைக் குப்பையிலே எறிந்தது, மருந்தை வைத்துக்கொண்டது, அதனினும் மேலானது கிடைத்ததும் அந்த மருந்தையும் ஒதுக்கிவிட்டது! 1912 இல் ஆல்ஃபிரட் ஹவுப்மன் என்னும் செர்மானிய மருத்துவர் ஃபீனோபார்பிட்டால் வலிப்பைத் தடுப்பதைக் கண்டார். 1929 இல் ஹான்சு பெர்கர், மனித மூளையின் மின்னலைகளைத் தாளிலே கோடாகப் பதிந்து காட்டினார். ஆடும் காக்கையும் அன்றே விடுதலை பெற்றிருக்க வேண்டும்! 1938 இல் ஃபெனிட்டாயின் வந்தது. இவர்களிலே எவரையும் தொழ வேண்டியதில்லை. இவர்கள் ஏட்டிலே பிழை கண்டால் நாளையே திருத்தலாம். திருத்த இடந்தருவது அறிவு. திருத்தாதே, தொழு என்பது மதம்.

மறுப்பவர் கூறுவர்: ‘மேலை மருத்துவம் கிளையை வெட்டுகிறது, சீன மருத்துவம் வேரைக் களைகிறது.’ கேட்க இனிக்கும் வாசகம்! வேர் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் என்றால், கல்லீரலிலே எழும் காற்றைக் காட்டுகின்றனர். சில நோயாளரிடம் வேர் உண்மையிலேயே இருக்கிறது. மூளையின் ஒரு பகுதியிலே உள்ள சிறு வடு அது. கருவியாலே அதன் இருப்பிடம் கண்டு, கத்தியாலே அகற்றி, வலிப்பை நிறுத்துகின்றனர் அறுவை மருத்துவர்கள். மாத்திரையாலேயே ஈராண்டுகள் வலிப்பின்றி இருந்தவர்களிலே பலருக்கு, மருத்துவர் மேற்பார்வையிலே மருந்தைச் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்தவும் இயலுகிறது. இத்தனை செய்தும், ‘கட்டுப்படுத்துகிறோம்’ என்று அடக்கமாகவே பேசுகிறது அறிவியல். எதையும் மெய்ப்பிக்காதவனோ, ‘வேரோடு களைவேன்’ என்று தெருவிலே பறையடிக்கிறான்!

‘உண்டவர் பலர் குணமடைந்தனரே’ என்பர். வலிப்பு நாள் குறித்து வருவதில்லை. ஒரு மாதம் மும்முறை வரும். ஆறு மாதம் எட்டிப்பாராது. சில குழந்தைகளுக்கு வயது ஏற ஏறத் தானே நின்றும் போகும். நோய் மிகுந்த வேளையிலே ஓடிப்போய் மருந்து வாங்குகிறோம். அதன்பின் இயல்பாகவே தணிகிறது. புகழ் மாத்திரைக்குப் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! காக்கை வலிப்புக்குப் பொருத்தமான பழமொழிதான்! பழம் காக்கையாலே விழுந்ததா, கனிந்து விழுந்ததா என்று அறிய வழி ஒன்றே. நோயாளரைக் குலுக்கல் முறையிலே இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும், மறுபிரிவுக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையோ, முன்பே மெய்ப்பிக்கப்பட்ட மருந்தோ தந்து, எவர் எதை உண்டார் என்று அறியாதவரைக் கொண்டு எண்ணச் செய்வது.

செய்தார்களா? 2009 இல், காக்ரேன் அமைப்பின் சார்பிலே, வலிப்புக்கான சீன மருந்து ஆய்வுகள் திரட்டி மதிப்பிடப்பட்டன. மதிப்பிட்டவர் யார்? சீனத்தைப் பழிக்கும் வெள்ளையரா? அல்லர். செங்து நகரத்துச் சீன மருத்துவர்களே. தேறியவை ஐந்தே ஐந்து ஆய்வுகள். அவையும் குறுகிய காலத்தவை, முறையிலே குறையுள்ளவை. இம்மருந்துகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு. ஊசி குத்தும் மருத்துவம்? ஆட்டுக்குடல் நூலைத் தோலுக்கடியிலே புதைத்து வைப்பதும் அதிலே ஒரு முறை. ஆடு இங்கேயும் விட்டபாடில்லை! ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் 2014 இல் 17 ஆய்வுகளையும், அவற்றிலே பங்குகொண்ட 1,538 பேரையும் கணக்கிலே எடுத்து ஆராய்ந்து, வலிப்புக்கு அம்முறையை ஆதரிக்கச் சான்றில்லை என்றனர். இரண்டாயிரம் ஆண்டு மருத்துவம்; கோடிக்கணக்கான நோயாளர்; பேரரசின் ஆதரவு. கையிலே காட்டச் சான்று இல்லை!

இன்னும் கேளுங்கள். 2000 ஆம் ஆண்டிலே ஹாங்காங் மருத்துவர்கள் மருத்துவ ஏடு ஒன்றிலே எழுதினர்: வலிப்பு நோயாளி ஒருவர் நினைவிழந்த நிலையிலே கொண்டுவரப்பட்டார். இரத்தத்தைச் சோதித்தால், எந்த மருத்துவரும் அவருக்கு எழுதித் தராத ஃபெனிட்டாயின் நச்சளவிலே இருந்தது. எங்கிருந்து வந்தது? அவர் உண்ட சீன மருந்திலிருந்து! 1938 இல் ஆய்வுக்கூடம் கண்ட அதே மருந்து, பழமையின் முகமூடி அணிந்து, பட்டுப் பெட்டிக்குள்ளே அமர்ந்திருந்தது! மேலை மருந்து நஞ்சு என்று மேடையிலே பேசுவதும், அதையே அளவின்றி இடித்துக் கலந்து மாத்திரையாக உருட்டுவதும் என்ன அறம்? மூலிகைக்கு ஆற்றல் உண்டென்று கலந்தவனே நம்பவில்லையே. வாங்குபவன் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

தீங்கு பொருளிழப்போடு முடிவதில்லை. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், ஓயாது தொடரும் வலிப்பு வரக்கூடும், உயிரையே குடிக்கக்கூடும். ‘அதை நிறுத்து, இதைத் தொடங்கு’ என்ற ஒரு வாசகத்துக்கு விலை ஒரு பிள்ளையின் உயிராகலாம். அடுப்பருகே வலிப்பு வந்தால் தீ. ஏரியிலே வந்தால் நீர். ‘ஆறு மாதம் பொறுங்கள், வேர் அறும்’ என்று சொன்னவன் அந்தத் தீயிலே நிற்பதில்லை. அந்த நீரிலே மூழ்குவதில்லை.

‘தூ யூயூவை மறந்தீரோ?’ என்பர். மறக்கவில்லை. மலைக்காய்ச்சலுக்கு ஆர்டிமிசினின் கண்ட அந்த அம்மையார் 2015 இல் நோபல் பரிசு பெற்றார். நான்காம் நூற்றாண்டு கே ஹோங்கின் ஏட்டிலே ஒரு பூண்டைப் பற்றிய குறிப்பு அவருக்கு வழி காட்டியது உண்மை. ஆனால் ஏட்டைக் கண்டதும் அவர் கைகூப்பினாரா? குறைந்த சூட்டிலே ஈதர் கொண்டு சாறெடுத்தார், எலிகளிலே சோதித்தார், தாமே உண்டு பார்த்தார், நோயாளரிடம் கணக்கெடுத்தார். ஏடு கேள்வியைத் தந்தது. விடையைச் சோதனை தந்தது. அதே சோதனைக்கு வலிப்பு மருந்துகளும் வரட்டும்! சில வேர்களின் சாறு ஆய்வுக்கூட எலிகளின் வலிப்பைக் குறைப்பதாகச் செய்திகள் உண்டு. நன்று. எலியிலிருந்து மனிதனுக்கு வரும் பாதையை நடந்து காட்டட்டும். வென்றால் வாழ்த்துவோம். தூ யூயூவின் பெயரைச் சொல்லிச் சோதனைக்கு விலக்குக் கேட்பது, அவரைப் புகழ்வதாகாது, பழிப்பதாகும்.

விலக்குத்தான் கேட்கின்றனர், கேட்டுப் பெற்றும் விட்டனர்! 2016 டிசம்பரிலே நிறைவேறி, 2017 சூலையிலே நடைமுறைக்கு வந்த சீன மருத்துவச் சட்டம், அரசு வகுத்த வரையறைக்குள் அமைந்த பழம்பெரும் ஏட்டு மருந்துக் கூட்டுகள் உரிமம் கேட்கும்போது, மனிதரிடம் செய்த சோதனையைக் காட்டத் தேவையில்லை, நோயாளர் அல்லாத வழியிலே ஆராய்ந்த பாதுகாப்புக் குறிப்புகள் போதும் என்கிறது. பழையது, ஆகவே சோதிக்க வேண்டா! பழமையே சான்று, பழமையே நீதிபதி, பழமையே தீர்ப்பு! அதோடும் நின்றதா? 2020 இல் பெய்ஜிங் நகராட்சி வெளியிட்ட சட்ட வரைவிலே, சீன மருத்துவத்தை இழித்துப் பேசுவோருக்குத் தண்டனை என்ற விதியும் இருந்தது. மக்கள் எதிர்ப்பெழுப்பினர், விதி கைவிடப்பட்டது. மருந்து குணப்படுத்துமானால், அதற்குக் காவலர் எதற்கு? நிந்தனைக்குத் தண்டனை தேடுவது கோயிலின் வழக்கம். மருந்தகத்துக்கு அது ஏன் வந்தது?

‘இது எங்கள் நாட்டுச் செல்வம், அந்நியர் குறைகூற வேண்டா’ என்று நாட்டுப்பற்றைக் கேடயமாக்குவோர் உளர். அவர்களுக்குச் சீனத்தின் தலைசிறந்த மைந்தர்களே விடை தந்திருக்கின்றனர். எழுத்தாளர் லூ சுன், நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடியலைந்த இளமையை எழுதியிருக்கிறார். மருத்துவர் கேட்ட பொருள்களிலே ஒன்று சிள்வண்டு இணை. அதுவும் வேறு துணை நாடாத, முதல் இணையாகவே இருக்க வேண்டுமாம்! பூச்சிகளுக்கும் கற்புச் சோதனை! தந்தை மாண்டார். மகன் மருத்துவம் பயில 1902 இல் சப்பானுக்குச் சென்றார். பின்னர் பேனாவையே கத்தியாக்கிக்கொண்டார். 1929 இல் மருத்துவர் யூ யுன்ஷியு, பழைய மருத்துவத்தைப் படிப்படியாக நீக்க அரசுக் குழுவிலே திட்டம் வைத்தார், பழைய வைத்தியர்கள் ஷாங்காயிலே திரண்டனர், அரசு பணிந்தது. 2006 இல் பேராசிரியர் சாங் கோங்யாவ், சீன மருத்துவத்துக்கு விடைகொடுப்போம் என்று எழுதினார். இவர்கள் அந்நியரா? 1958 இல் சீன மருத்துவம் பெருங்கருவூலம் என்று போற்றினார் மா சே துங். அவரோ, தாம் அதை நம்புவதுமில்லை, உண்பதுமில்லை என்று தம்மிடம் கூறியதாக, அவருடைய மருத்துவர் லீ சிசுய் 1994 இல் வெளிவந்த தம் நூலிலே எழுதியிருக்கிறார். மக்களுக்குக் கருவூலம், தலைவருக்கு வேறு மருந்து!

ஏழைக்கு வேறு வழியில்லை என்ற இறுதி வாதத்துக்கும் சீனச் சிற்றூர்களே விடையளித்துவிட்டன. 2000 ஆம் ஆண்டிலே ஐந்து மாநிலங்களின் சிற்றூர்களிலே கணக்கெடுத்தபோது, வலிப்பு தொடர்ந்து வருவோரிலே நூற்றுக்கு 63 பேர் தக்க மருந்து இன்றியே இருந்தனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு ஒரு திட்டம் எழுந்தது. பேரரண்மனை மருத்துவமனைகள் கட்டப்படவில்லை. ஊர்ப்புற மருத்துவர்களுக்குப் பயிற்சி தந்தனர். மலிவான, பழைய ஃபீனோபார்பிட்டாலைக் கையிலே கொடுத்தனர். 2,455 நோயாளர் மருந்து பெற்றனர். ஓராண்டு நிறைவு செய்தவர்களிலே நூற்றுக்கு 68 பேருக்கு வலிப்பு பாதியோ பாதிக்கு மேலோ குறைந்தது. மூன்றிலே ஒரு பங்கினருக்கு வலிப்பே வரவில்லை. அம்மருந்துக்கும் குறை உண்டு; உறக்கம் தரும், சோர்வு தரும். மறைக்கவில்லை, அளந்து எழுதிவைத்தனர். தேளும் இல்லை, செத்த பட்டுப்புழுவும் இல்லை, இரகசியமும் இல்லை. செலவு சிறிது, கணக்கு வெளிப்படை. ஏழையின் மருந்து எது என்று இப்போது கூறுங்கள்!

நாம் கேட்பது பெரிதன்று. பழைய மருந்தோ புதிய மருந்தோ, ஒரே தராசிலே நிறுக்கப்படட்டும். சேர்க்கை என்ன என்பது பெட்டியின் மீது எழுதப்படட்டும். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவன், மருத்துவனாயினும் மந்திரவாதியாயினும், சட்டத்தின் முன் நிறுத்தப்படட்டும். வலிப்பு வந்து வீழ்ந்தவனின் கையிலே இரும்பைத் திணிப்பதையும் வாயிலே கரண்டியைச் செருகுவதையும் விட்டு, ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, தலைக்கு மெத்தென்று ஒன்றை வைத்து, ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் அறிவு, ஊர்தோறும் பரவட்டும்.

2010 இல் ஹாங்காங்கிலே இந்நோயின் சீனப் பெயரை மாற்றினர். பித்து என்னும் பொருள் தரும் எழுத்தை நீக்கி, மூளை என்னும் எழுத்தை அமைத்தனர். பல நூற்றாண்டுப் பழியைத் துடைக்க ஓர் எழுத்து போதுமாயிற்று. பெயரிலே மூளை வந்துவிட்டது. மருந்திலும் மூளை வரட்டும்!